பிளாட்பாரத்தில் கட்டாத பல்

ஜனக்புரி, புது டில்லி
12 டிசம்பர் 2001

அன்புள்ள தம்பி டாக்டர் லூர்துராஜுக்கு, அக்காள் மரியபுஷ்பம் எழுதிக்கொண்டது. தூத்துக்குடிப் பனிமய மாதா உன்னையும் உன் வீட்டம்மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். டில்லிப் பனியில் கிடக்கும் எங்களை எட்டத்திலிருந்தாவது ஒரு பார்வை பார்க்கட்டும். இங்கு நான், மகன் ரெஜின், மருமகள், பேத்தி ஃபெபி எல்லாரும் சுகம். சுகம் என்று எழுதியது கடிதத்துக்கு மரியாதைக்காக. எனக்குச் சுகமில்லை. அலுத்துப்போய் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் எல்லார் காதும் அங்கேதான் இருக்கிறது. இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டிய சங்கதி.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரிட்டயர் ஆனவன் ஊருக்குப் போகத்தான் செய்வான். ஆனால் லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கறிவேப்பிலைச் செடியைக்கூடத் தொட்டியோடு லாரியில் ஏற்றினாயே, அக்காளுடைய வாயை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாயா? எனக்குப் பல் டாக்டர் என்றால் நீ ஒருத்தன்தான். வேறொருத்தர் முன்னால் நான் வாயைத் திறந்தது கிடையாது. பேசுவதற்குத் திறந்ததைச் சொல்லவில்லை.

நடந்தது என்னவென்றால், குளிர் ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒரு டப்பா கஜக் கொண்டுவந்து கொடுத்தாள். எள்ளும் வெல்லமும் இடித்துத் தட்டிப் போட்ட வில்லை, உனக்குத்தான் தெரியுமே, "யக்கா, இத மட்டும் கடிக்காத"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான் கடிக்கவில்லை தம்பி, சப்பிக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஃபெபி என்னவோ கேட்டாள், பதில் சொல்லுகிற அவசரத்தில் ஒரு கடி கடித்துவிட்டேன். நீ கட்டிக்கொடுத்த மேல் முன்பல் இரண்டும் ஜோடியாகக் கழன்று கையில் வந்துவிட்டது. கஜக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். மற்றவளுக்குப் பல் போனால் முறுக்குத்தான் போகும், எனக்குப் போனது பூசை வாசகம். இங்கே மாதம் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் யார் வாசிப்பது என்று உனக்குத் தெரியும். ஐந்தாவதுதானே படித்தவள் என்று யாரும் என்னை இளக்காரமாகப் பார்த்துவிட முடியாது. ஐந்தாவதுக்குள்ளேயே தமிழ் எழுத்து முழுசும் வந்துவிடுகிறது. அதற்கு மேலே படிக்கிற படிப்பெல்லாம் அதே எழுத்தை இடம் மாற்றி வைக்கிற வேலைதானே. இங்கே பெரிய பெரிய ஆபீஸர்கள் ஒற்றெழுத்தில் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்து ஜிலேபி மாதிரி தெரிகிறதாம். நான் வாசித்தால்தான் சாமியாரே கண்ணை மூடிக் கேட்பார். அப்படிப்பட்டவள் போன மாதம் வாய்க்கு முன்னால் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "சகோதரர்களே" என்ற இடத்தில் மைக்கில் சீட்டி அடித்தது. ஒரு குழந்தை எழுந்து நின்று, "மம்மி, குக்கர்!" என்றது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ரிட்டயர்டு நர்ஸ் லூசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒங்களுக்கு ரெஸ்ட் வேணும். கிறிஸ்மஸுக்கு நான் வாசிச்சிருதேன். சாமிட்டயும் சொல்லிட்டேன். நீங்க கவலயே படாதிய" என்றாள். எனக்கு ஒரு கவலையும் இல்லை, எனக்காக அவள்தான் இத்தனை வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறாள். கிறிஸ்மஸுக்குள் பல்லோடு வந்தால் வாசகம் எனக்கு, இல்லையென்றால் லூசிக்கு என்று சாமியார் முடித்துவிட்டார்.

பிறகுதான் ரெஜின் இங்கே மார்க்கெட் மாடியில் ஒரு பல் டாக்டரைக் கண்டுபிடித்தான். போர்டில் மேதா ராமசுப்ரமணியன் என்று இருந்ததாம். "நம்ம தமிழ்ப் பொண்ணும்மா, ஒங்களுக்குப் பேச வசதியா இருக்கும்" என்றான். அந்த வசதியைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

ஃபெபியைக் கூட்டிக்கொண்டு போனேன். உன் வீட்டில் சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்து, உன் வீட்டம்மா டார்ச் பிடிக்க, ஐந்து நிமிஷத்தில் முடித்து ஒரு காப்பியும் கொடுத்து அனுப்புவாய். இங்கே படுக்கை மாதிரி ஒரு நாற்காலி. உட்கார்ந்ததும் அது தானாக முனகிக்கொண்டு பின்னால் சாய்ந்தது, கால் மேலே போனது, தலை கீழே போனது. அறையில் ஆம்பிளைக் கம்பவுண்டர் வேறு நிற்கிறான். நான் சேலையைக் கெண்டைக்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஃபெபியைச் சால்வை போர்த்தச் சொன்னேன். அவள் போர்த்திய போர்வையில் நான் தூக்கத் தயாராக இருக்கிற மாதிரி இருந்தேன். மாலை ஒன்றுதான் பாக்கி.

அப்போது அந்தப் பெண் வந்தாள். நல்ல களையான முகம், கெட்டிக்காரி என்று பார்த்ததும் தெரிகிறது. என் தலைமாட்டில் குனிந்து, சிரித்த முகமாக, "வா வா, சமத்தா வந்துட்டியே! பேர் என்ன சொல்லு பாப்போம்?" என்றாள்.

எனக்கு யாரிடம் பேசுகிறாள் என்று புரியவில்லை. ஃபெபியாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். ஃபெபி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கூச்சப்படப்படாது. ஆ காட்டு. இன்னும் பெரிசா. யானை எப்படித் தொறக்கும்? ஆங்... அப்படி! கையக் கீழ வச்சுக்கணும், கடிக்கப்படாது, கடிச்சா அடி விழும்."

தம்பி, எனக்கு வயது அறுபத்தேழு. என்னைப் பெற்றவளே எனக்குக் கல்யாணம் ஆனபிறகு இப்படிப் பேசியதில்லை. வாயில் அவள் விரலும் கண்ணாடிக் கம்பியும் இருந்ததால் பேசாமல் இருந்தேன். எடுத்ததும் கேட்டேன், "ஏம்மா, நான் ஒனக்கு ஆச்சி வயசு. நீங்க வாங்கன்னு பேசக் கூடாதா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் பெரிய சங்கடம். உண்மையாகவே யோசித்துவிட்டு, "நீங்கன்னா அப்பா ஆஃபீஸ்லேந்து யாராவது வந்தாத்தானே சொல்லணும்? நீ நம்மாத்து மனுஷா மாதிரின்னா இருக்கே" என்றாள்.

பிறகு ஃபெபிதான் எனக்கு விளங்கவைத்தாள். "அரே ஆச்சி, அவங்க இங்கயே பொறந்தவங்க. சின்னப் பிள்ளைல அவங்க அம்மா அவங்கட்ட பேசுனாங்கல்ல, அவ்ளோதான் அவங்களுக்குத் தமிழ். இந்தில பேசச் சொல்லுங்க, ஆப் ஆப்னு எவ்ளோ மரியாதையா பேசுவாங்க தெரியுமா!" என்றாள். சரி, அப்படியானால் இந்தியிலேயே பேசட்டும் என்றால், "ஆச்சி, ஒங்களுக்காகத்தான் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுறாங்க, மனசு நொந்துருவாங்க" என்கிறாள். ஆக, ஒரு டாக்டருடைய மனசு நோகாமல் இருப்பதற்காக நான் அங்கே போகும்போதெல்லாம் மூன்று வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் அது எவ்வளவு அசதியான வேலை தெரியுமா?

அடுத்தது தண்ணீர். ஒரு தம்ளரில் ரோஸ் கலரில் மருந்துத் தண்ணீர் கொடுத்து, "கொப்பளிச்சுத் துப்பு கண்ணா" என்றாள். கொப்பளிக்கத் தெரியாதா எனக்கு? ஆனால் ஊர்பேர் தெரியாதவன் எல்லாம் வாய் வைத்த தம்ளரில் நான் வாய் வைப்பேனா? எச்சில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்வதுதானே நாம் வளர்ந்த பழக்கம். தூக்கி ஊற்றினேன். உட்கார்ந்திருந்தால் வாயில் நின்றிருக்கும். அந்தப் பாழாய்ப்போன நாற்காலி பாதி சாய்ந்து கிடந்ததால் அத்தனையும் நேரே தொண்டைக்குள் போய்விட்டது. "ஐயோ, முழுங்கிட்டியா! அசடு அசடு! துப்பு, துப்பு!" என்று அவள் என் முதுகில் தட்டுகிறாள், கம்பவுண்டர் ஓடிவருகிறான், வாசலில் காத்திருந்த சர்தார்ஜி எட்டிப் பார்த்து "க்யா ஹுவா மாதாஜி?" என்கிறார். வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்று அவள் சொன்னாள். உண்மைதான், வாய்க்குப் போட வேண்டிய சுத்தத்தை வயிற்றுக்குப் போட்டதில் இரண்டு நாள் வயிறு படு சுத்தமாக இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். இனிமேல்தான் உன் சங்கதி. வாய் நிறையப் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சுகிற குழாய் ஒன்று கொக்கி மாதிரி மாட்டியிருக்கிறது. இந்த நேரத்தில்தான் பல் டாக்டர்கள் கேள்வி கேட்பீர்கள், அது உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. நான் கொண்டுபோயிருந்த உன் பல் ஜோடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் சுளித்தாள். "இது யார் பண்ணினது? கோணாமாணான்னு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துண்டு! ஐயய்யே, இவனுக்கு ரெண்டு குடுக்கணும்" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மெட்ராஸில் தங்க மெடல் வாங்கிய என் தம்பியை ஒரு நேற்றுப் பிறந்த பெண் அடிக்கணும் என்கிறாள். "ங்ங்... ம்ம்..." என்றேன். "வலிக்கறதா? இதோ ஆயிடுத்து, அழப்படாது" என்றாள்.

அது ஏன் கோணல் என்று உனக்கும் எனக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும். நான் குளியலறையில் வழுக்கி விழுந்து பல் இரண்டும் போனபோது, நீ நேராகத்தான் கட்டுவதாக இருந்தாய். உன் அத்தான்தான் உன்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், பழைய தெத்துப்பல் மாதிரியே வச்சிரு. நேரா வச்சேன்னா வேற பொம்பளையக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்" என்று சொன்னார்கள். சமையலறையிலிருந்து நான் கேட்டேன் என்பது அவுகளுக்குக் கடைசிவரை தெரியாது. நீயும் எத்தனை தடவை அரத்தை வைத்து ராவி, மறுபடி ஒட்டி, அந்தக் கோணலை அச்சாகக் கொண்டுவந்தாய். இதை நான் பேத்தியையும் கம்பவுண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால் மேலேயும் தலை கீழேயுமாகப் படுத்துக்கொண்டு சொல்ல முடியுமா? சொன்னால் அத்தான் மானம் போகும், சொல்லாமல் தம்பி கட்டியது என்று மட்டும் சொன்னால் உன் மானம் போகும். பஞ்சை எடுத்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "பழைய டில்லில, பிளாட்பாரத்துல ஒருத்தன் கட்டுனான்" என்றேன்.

அங்கே சிலபேர் துணி விரித்துப் பல்செட்டைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருப்பார்களே, அந்த ஞாபகத்தில் வந்துவிட்டது. அவள் முகம் மாறிப்போனது. கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். போட்டிருந்த கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டாள். கம்பவுண்டரிடம் இந்தியில் மளமளவென்று ஏதோ சொன்னாள், அவன் நான் சாய்ந்திருந்த நாற்காலியை நான் சாய்ந்திருக்கும்போதே துடைக்க ஆரம்பித்தான். பிளாட்பாரத்தில் ஊசியெல்லாம் சுத்தம் இருக்காதாம், மஞ்சள் காமாலை, அதைவிடப் பெரிய, நான் இந்தக் காகிதத்தில் எழுத விரும்பாத வியாதி எல்லாம் வந்திருக்கலாமாம். "ரத்தம் குடுத்துட்டு ரிப்போர்ட்டோட வா. அதுவரைக்கும் தொட மாட்டேன். அடம் பிடிக்கப்படாது" என்றாள். நான் எழுந்தேன். ஆஸ்பத்திரியில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது என்பதால் எப்போதும்போல் மௌனமாக வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து, "டாட்டா சொல்லாமப் போறியே! டாட்டா சொல்லு" என்று குரல் வந்தது. சர்தார்ஜி பார்க்கிறார், இன்னும் நாலு பேர் பார்க்கிறார்கள். சொன்னேன் தம்பி. கையைத் தூக்கி டாட்டா சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அதற்கு மேல். ஃபெபி சொல்லிவிட்டாள். ரெஜின் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, வீட்டுல டாக்டர் மாமாவ வச்சிக்கிட்டு ரோட்டுல போயா பல்லக் கட்டுவிய? மாமாவுக்குத் தெரிஞ்சா எவ்ளோ வேதனப்படுவாக!" என்றான். உனக்காகத்தான் அவனுக்கு அத்தனை கோபம். பல் கட்டின சமயம் அவன் வெளியூர் வேலையில் இருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. மாமா அப்போது எங்கே போனார் என்று துருவித் துருவிக் கேட்டான். அந்தச் சமயம் நீ ஊரில் இல்லை, ஏதோ கேம்ப் போயிருந்தாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் உனக்குப் போன் போடுவான். நீயும் கேம்ப் என்றே சொல்லு. எந்த ஊர் என்று கேட்டால் ஜபல்பூர் என்று சொல்லு, அங்கே அவன் போனதில்லை. மருமகள் என் காப்பித் தம்ளரை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ரத்தமும் எடுத்தாகிவிட்டது. எடுத்தவன் ஊசியை மூன்று இடத்தில் குத்தி நாலாவது இடத்தில் கண்டுபிடித்தான். ரிப்போர்ட் இதோ வரும் அதோ வரும் என்கிறார்கள். கிறிஸ்மஸ்தான் வந்துகொண்டிருக்கிறது.

லூசிக்கு எப்படியோ தெரிந்துபோய்விட்டது. கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "பிளாட்பாரத்துலயா யக்கா பல்லு கட்டுனிய? நீங்களா!" என்று கேட்டாள். அந்த "நீங்களா"வில் இருந்த சந்தோஷத்தை வைத்து ஒரு கிறிஸ்மஸ் கேக் சுடலாம்.

ஆகையால் தம்பி, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஒன்று, நீ உன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு உடனே ரயிலேறி வந்து, பழைய கோணல் மாறாமல் கட்டிக்கொடு. இல்லையென்றால் நான் பொக்கை வாயோடேயே போய்ச் சேருகிறேன். அந்தப் பெண்ணிடம் உன் பேரைச் சொல்லமாட்டேன், உன் அத்தான் சொன்னதையும் சொல்லமாட்டேன். இரண்டு பேருடைய கௌரவத்தையும் விட்டுக்கொடுத்து எனக்கு ஒரு வாசகம் வேண்டாம். லூசியே வாசிக்கட்டும். நான் பின்வரிசையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு எல்லாம் அலுத்துவிட்டது.

உன் வீட்டம்மாவுக்கு என் அன்பு. கறிவேப்பிலைச் செடி பிடித்துக்கொண்டதா என்று எழுது. பிறக்கப்போகிற பாலன் உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் சண்டை சச்சரவில்லாமல் பிறக்கட்டும். கடலில் குளிக்காதே, உனக்குச் சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் பேரைக் காப்பாற்றி வரும் அக்காள்
மரியபுஷ்பம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது லூசி வந்தாள். வாசகத்தை ஒருதரம் வாசித்துக் காட்டுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள் என்றாள். வாசித்தாள். எத்தனையோ வருஷம் நர்ஸாக இருந்தவள் தம்பி, ஒவ்வொரு வரியையும் ஊசி போடுகிற மாதிரி வாசிக்கிறாள். முதலில் மெல்லத் தடவிக்கொடுக்கிறாள், கடைசியில் ஒரே குத்து. நான் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, ஃபெபியைக் கூப்பிட்டு ஆட்டோ பிடிக்கச் சொன்னேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பேர், மெடல், உன் தூத்துக்குடி போன் நம்பர், அத்தான் வராந்தாவில் சொன்னது எல்லாம். கம்பவுண்டரும் இருந்தான், இருக்கட்டும். அவள் உன் பல்லை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வேணும்னுட்டே இவ்ளோ அழகா கோணலா பண்ணத் தெரியணும். நேக்கு வராது" என்றாள். பிளாட்பாரம் இல்லை என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாமாம். பழையது அடியில் விரிசல் விட்டுவிட்டதால் மறுபடி ஒட்டாதாம். இதே மாதிரி கோணலாக வேண்டுமென்றால் உன்னிடம் போனில் கேட்டு, அதற்கென்று ஆள் பிடித்துச் செய்யப் புதுவருஷம் ஆகிவிடுமாம். நேராக என்றால் வருகிற சனிக்கிழமையே தயாராம். எது வேணும் என்று கேட்டாள்.

நேராக வை என்றேன். ஃபெபிதான், "ஆச்சி, தாத்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

நீ வர வேண்டாம். ரெஜின் போன் போட்டால் ஜபல்பூர் சொல்லாதே, உண்மையைச் சொல்லிவிடு. டாக்டரும் உன்னைக் கூப்பிட்டுப் பாராட்டுவாள், உன்னையும் சமத்து என்றுதான் சொல்வாள், பொறுத்துக்கொள். உன் அத்தான் இருந்திருந்தால் என்னோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் வாசகத்துக்கு எல்லாருக்கும் முந்தி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.